அலாரம் எப்போது அடிக்க வேண்டும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் அதைக் கண்காணிக்க ஒரு சாப்ட்வேரையும் உடனே போட்டு விடுகிறார்கள். பிராசசர் எவ்வளவு சூடாக இருக்கிறது, மெமரி எவ்வளவு மிச்சம், ஹார்ட் டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று எல்லாவற்றையும் அது காட்டும். "இந்த அளவைத் தாண்டினால் அலாரம் அடிக்கட்டுமா?" என்றும் கேட்கும். நாமும் இருக்கிற கட்டங்களில் எல்லாம் டிக் அடித்து விடுவோம். அலாரம் அதிகமாக இருந்தால் பாதுகாப்பும் அதிகம் என்று நினைப்போம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பால் என் மாமாவின் பதினான்கு மாதக் கணக்கு போயிற்று.

நான் சென்னையில் சாப்ட்வேர் என்ஜினியர். கம்பெனி சர்வர்களைக் கண்காணிப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. மாமா விருதுநகரில் மொத்த மளிகை வியாபாரம் செய்கிறார். 2022 ஏப்ரலில் கடைக் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். அந்த வருடம் தீபாவளிக்குப் போயிருந்தபோது, படித்த மருமகன் என்ற பெருமையில் கண்காணிப்பு சாப்ட்வேர் ஒன்றை அதில் போட்டுக் கொடுத்தேன். பிராசசர் பளு 70 சதவீதம் தாண்டினால் சத்தம். மெமரி 75 சதவீதம் தாண்டினால் சத்தம். சூடு 60 டிகிரி தாண்டினால் சத்தம். இன்டர்நெட் போனால் சத்தம், வந்தாலும் சத்தம். ஹார்ட் டிஸ்க்கில் கோளாறு தெரிந்தாலும் அதே சத்தம். எல்லாச் செய்தியும் எனக்கு இமெயிலிலும் வரும்படி செய்தேன். "இனிமே எது நடந்தாலும் இது சொல்லிரும் மாமா" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு வந்து விட்டேன். பேக்கப் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2023 ஜூன் மாதம் ஒரு காலையில் அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. மதுரையில் டேட்டா மீட்டுக் கொடுக்கும் கடை ஒன்றில் கொடுத்துப் பார்த்தோம். படங்களும் சில பைல்களும் வந்தன. கணக்கு பைல் வந்தது, ஆனால் திறக்கவில்லை.

"அது சத்தம் போடவே இல்லையா மாமா?" என்று கேட்டேன்.

"போடாம என்ன? தெனமும் இருவது தடவை கத்தும் மருமகனே. யாவாரத்துல நிக்கிறப்ப எதைன்னு பார்க்க? ஓகேயை அமுக்கிட்டு அடுத்த பில்லைப் போடுவேன்" என்றார்.

அன்று இரவு என் இமெயிலைத் தேடிப் பார்த்தேன். மாமா கடையிலிருந்து வந்த செய்திகள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. அவை தொந்தரவாக இருக்கிறதே என்று நானே ஒரு தனி போல்டருக்குத் தானாகப் போகும்படி செய்து, பார்க்காமல் விட்டிருந்தேன். அந்தக் குவியலில் ஆறே ஆறு செய்திகள் ஹார்ட் டிஸ்க் பற்றியவை. முதல் செய்தி வந்தது, டிஸ்க் போவதற்குப் பதினோரு நாட்கள் முன்பு. கணக்கு பைலை ஒரு பென் டிரைவில் காப்பி செய்யப் பத்து நிமிடம் போதும். எங்களுக்குப் பதினோரு நாட்கள் இருந்தன.

மாமாவும் அத்தையும் ஒரு மாதத்துக்கும் மேலாக, கடை அடைத்த பிறகு இரவில் உட்கார்ந்து பழைய பில் புத்தகங்களைப் பார்த்துத் திரும்ப ஏற்றினார்கள். துண்டுச் சீட்டில் எழுதிப் பிறகு தொலைந்து போன கடன்களுக்கு, வாங்கியவர் சொன்னதுதான் கணக்கு. எவ்வளவு நஷ்டம் என்று மாமா என்னிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை உங்கள் வீட்டில் அப்படி நடக்காமல் இருப்பதற்காக.

காது ஏன் மரத்துப் போகிறது?

"புலி வருது, புலி வருது" என்று பொய்யாகக் கத்திய பையனின் கதை நமக்குத் தெரியும். கடைசியில் புலி உண்மையாகவே வந்தபோது யாரும் வரவில்லை. அலாரம் சாப்ட்வேரும் அந்தப் பையனைப் போன்றதுதான். ஆனால் ஒரு வித்தியாசம். அது பொய் சொல்வதில்லை. பிராசசர் 70 சதவீதம் தாண்டியது என்பது உண்மை. அந்த உண்மையால் நமக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

மாமாவோ நானோ மட்டும் செய்த தவறு இல்லை இது. பயிற்சி பெற்ற ஆட்களுக்கும் இதே கதிதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று விபத்து நடந்தது. முதல் சில நிமிடங்களிலேயே 100க்கும் மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. முக்கியமானது எது, சாதாரணமானது எது என்று பிரித்துக் காட்ட அங்கே வழியில்லை. அலாரங்களை அச்சிட்டுக் கொடுக்கும் பிரின்டர் வேகம் போதாமல் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிப் போனது.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மில்போர்டு ஹேவன் என்ற இடத்தில் இருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் 1994 ஜூலை 24 அன்று வெடி விபத்து நடந்தது. 26 பேர் காயமடைந்தார்கள். வெடிப்பதற்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு வந்த அலாரங்கள் 275. அதாவது இரண்டு, மூன்று வினாடிக்கு ஒன்று. படிக்கவே நேரம் போதாது, யோசிப்பது எங்கே?

இதுபோன்ற அனுபவங்களுக்குப் பிறகு 1999இல் பிரிட்டனில் அலாரங்களுக்கென்றே ஒரு வழிகாட்டி நூல் வந்தது. ஆலை வழக்கம்போல ஓடும்போது ஓர் ஆபரேட்டருக்குச் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று அது சொன்னது. அலாரம் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு. பருப்பு மூட்டைக்கு நடுவே நிற்கும் மாமாவுக்கு எவ்வளவு என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரிலும் உதாரணம் உண்டு. 2007இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில், சின்னச் சின்ன மாற்றத்துக்கெல்லாம் திரை மங்கி அனுமதி கேட்கும். பாதுகாப்புக்காகத்தான் அதை வைத்தார்கள். ஆனால் மக்கள் படிக்காமலே சம்மதம் என்று கிளிக் செய்யப் பழகிக் கொண்டார்கள். 2009இல் வந்த விண்டோஸ் 7இல் மைக்ரோசாப்ட் அந்தக் கேள்விகளைக் குறைத்தது.

மூன்று கேள்விகள்

மாமாவின் டிஸ்க் போன பிறகு நான் எனக்கென்று ஒரு பழக்கம் வைத்துக் கொண்டேன். எந்த அலாரத்துக்கும் டிக் அடிப்பதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேட்பேன்.

ஒன்று: இந்த அலாரம் அடித்தால், ஒரு மனிதர் எழுந்து வந்து ஏதாவது செய்ய வேண்டுமா? கம்ப்யூட்டரே சரிசெய்து கொள்ளும் விஷயம் என்றால் நம்மைக் கூப்பிட வேண்டியதில்லை.

இரண்டு: அதை இப்போதே செய்ய வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப் போட்டால் ஏதாவது கெட்டுப் போகுமா? போகாது என்றால் அதற்குச் சத்தம் தேவையில்லை.

மூன்று: என்ன செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியுமா? "ரீஅலோகேட்டட் செக்டார் கவுண்ட் மாறியது" என்று வந்தால் மாமா என்ன செய்வார்? "ஹார்ட் டிஸ்க் கெட்டுப் போகத் தொடங்கி விட்டது, முக்கியமான பைல்களை உடனே காப்பி செய்யவும்" என்று வந்தால்தான் அவரால் ஏதாவது செய்ய முடியும்.

மூன்றுக்கும் "ஆம்" என்றால் மட்டுமே அலாரம். முதல் இரண்டில் ஒன்றுக்காவது "இல்லை" என்றால் அது அலாரம் இல்லை, வெறும் தகவல். மூன்றாவதற்கு மட்டும் "இல்லை" என்றால் அலாரத்தை வைத்துக் கொண்டு செய்தியை மாற்றி எழுத வேண்டும்.

அப்படியானால் மற்ற தகவல்களைத் தூக்கி எறிந்து விடலாமா? கூடாது. அவற்றுக்கும் இடம் உண்டு. பெரிய கம்பெனிகளின் சர்வர் பிரிவுகளில் கண்காணிப்புச் செய்திகளை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். உடனே ஆளை எழுப்ப வேண்டியது அலாரம். சில நாளில் செய்தால் போதும் என்பது வேலைப் பட்டியல். யாரும் பார்க்க வேண்டியதில்லை, பிரச்சினை வந்தால் மட்டும் புரட்டிப் பார்க்கலாம் என்பது பதிவேடு. இதை லாக் என்பார்கள். கடைக்கு இரவில் ஒரு வாட்ச்மேன் போட்டால் இதைத்தானே எதிர்பார்ப்போம்? தெருநாய் குரைத்ததற்கு முதலாளியை எழுப்ப மாட்டார். பல்பு எரியவில்லை என்றால் காலையில் சொல்வார். பூட்டை யாராவது உடைத்தால்தான் போன் அடிப்பார்.

மூன்று விசில் கணக்கு

அடுத்த விஷயம், எவ்வளவு நேரம் பார்த்து அலாரம் அடிப்பது என்பது. பிரஷர் குக்கரில் முதல் விசில் வந்ததும் யாராவது அடுப்பை அணைப்பார்களா? மூன்று விசில் வரட்டும் என்று காத்திருப்போம். அலாரத்துக்கும் அதே கணக்குதான்.

ஒரு படத்தைத் திறந்தாலே பிராசசர் ஒரு வினாடி 100 சதவீதம் போய் வரும். அதற்கு அலாரம் வைத்தால் நாள் முழுவதும் அடிக்கும். "90 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து 15 நிமிடம்" என்று வைத்தால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. உங்கள் சாப்ட்வேரில் எத்தனை நிமிடம் என்று கேட்கும் கட்டம் இருந்தால் அதைக் காலியாக விடாதீர்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. அலாரம் அடிக்கும் அளவும் அடங்கும் அளவும் ஒன்றாக இருக்கக் கூடாது. 90 டிகிரியில் அடித்து 90 டிகிரியிலேயே அடங்கும் என்றால், சூடு 89க்கும் 91க்கும் இடையே ஊசலாடும்போது அலாரம் விட்டு விட்டு அடித்துக் கொண்டே இருக்கும். 90இல் அடி, 80க்கு இறங்கினால்தான் அடங்கு என்று வைத்தால் ஒரே முறை அடிக்கும்.

அதே நேரம் ரொம்பவும் காத்திருக்கக் கூடாது. அலாரம் என்பது, நாம் செயல்பட இன்னும் நேரம் இருக்கும்போது அடிக்க வேண்டியது. லேப்டாப் பேட்டரி 2 சதவீதம் இருக்கும்போது எச்சரித்தால், சார்ஜரைத் தேடுவதற்குள் அணைந்து விடும். எழுந்து போய் சார்ஜர் எடுத்து வரவும், எழுதிக் கொண்டிருப்பதைச் சேமிக்கவும் எவ்வளவு நேரம் ஆகுமோ, அதற்கு முன்னால் அடிக்க வேண்டும்.

எதற்கு வேண்டும்? எதற்கு வேண்டாம்?

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிராசசர் பளு: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இந்த அலாரம் தேவையில்லை. வேலை செய்யும்போது பளு ஏறுவது இயல்பு. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவது போலத் தோன்றினால், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்தப் புரோகிராம் அதிகம் எடுத்துக் கொள்கிறது என்று அதில் தெரிந்து விடும்.

மெமரி: இதற்கும் வேண்டாம். சும்மா கிடக்கும் மெமரியில், அடுத்து தேவைப்படலாம் என்று நினைப்பவற்றை விண்டோஸ் முன்கூட்டியே ஏற்றி வைத்துக் கொள்ளும். மெமரி நிறைந்திருப்பது மட்டுமே நோய் ஆகாது.

பிராசசர் சூடு: புதியவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். இன்றைய லேப்டாப் பிராசசர்கள் பலவற்றின் உச்ச வரம்பு 95 முதல் 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அப்படியும் கட்டுப்படாவிட்டால் கம்ப்யூட்டர் தானே அணைந்து விடும். நான் விருதுநகர் வெயிலில், விசிறி மட்டும் உள்ள கடையில், 60 டிகிரிக்கு அலாரம் வைத்தது எவ்வளவு அறியாமை என்று இப்போது புரிகிறது. சும்மா இருக்கும்போதே பல நாட்களாக 80 டிகிரிக்கு மேல் காட்டினால், விசிறியில் தூசி அடைத்திருக்கலாம். சுத்தம் செய்ய வேண்டும். இது வேலைப் பட்டியலுக்கு உரியது.

ஹார்ட் டிஸ்க் இடம்: முதலில் இதுவும் வேலைப் பட்டியல்தான். பைல் எக்ஸ்புளோரரில் காலியிடம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரைவின் நீலப் பட்டை சிவப்பாக மாறும். அதைப் பார்த்தால் அந்த வாரத்துக்குள் வேண்டாததை அழியுங்கள். எவ்வளவு மிச்சம் என்பதை விட எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது முக்கியம். 40 ஜிபி மிச்சம் இருந்து, மாதம் 2 ஜிபி குறைந்தால் கவலை இல்லை. தினமும் 10 ஜிபி குறைந்தால் நான்கே நாள்தான். எந்தப் புரோகிராம் தின்கிறது என்று இன்றே பார்க்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் ஆரோக்கியம்: இதற்குக் கட்டாயம் அலாரம் வேண்டும். பிராசசர் போனால் வேறு வாங்கலாம். டிஸ்க்கில் இருக்கும் கணக்கையும் குழந்தையின் படங்களையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஹார்ட் டிஸ்க்குகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே குறித்து வைத்துக் கொள்ளும். இந்த வசதிக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படித்துச் சொல்ல கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. நன்றாக இருந்தால் நீலம், சந்தேகம் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. அதன் பங்ஷன் மெனுவில் ரெசிடென்ட், ஸ்டார்ட்அப் இரண்டையும் தேர்வு செய்தால், கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக ஓடி, பின்னணியில் கண்காணிக்கும்.

மஞ்சள் வந்தால் எவ்வளவு கவலைப்பட வேண்டும்? கூகுள் நிறுவனம் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை காட்டாத டிஸ்க்கை விட 39 மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. எனவே மஞ்சளைப் பார்த்தால் முதலில் காப்பி எடுங்கள். காரணத்தைப் பிறகு விசாரிக்கலாம்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. செயலிழந்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, சூட்டைத் தவிர வேறு எந்த அறிகுறியும் காட்டாமலே போயின. எஸ்எஸ்டி டிஸ்க்குகளும் சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். ஆகவே அலாரம் இருக்கிறது என்று பேக்கப் எடுக்காமல் இருக்காதீர்கள்.

யுபிஎஸ்: நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கமான அலாரம் இது. பல யுபிஎஸ்களில் கரண்ட் போனால் விட்டு விட்டு 'பீப்' சத்தம் வரும். பேட்டரி தீரப் போகும்போது விடாமல் தொடர்ந்து அடிக்கும். விட்டு விட்டு வந்தால் தகவல். பைலைச் சேமித்து விட்டு வேலையைத் தொடரலாம். தொடர்ந்து வந்தால் அலாரம்; உடனே அணைக்க வேண்டும். முக்கியத்துவத்துக்கு ஏற்பச் சத்தம் மாறுவது நல்ல ஏற்பாடு. நான் மாமா கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம் வைத்தேன்.

வேண்டாத சத்தத்தை நிறுத்துவது சுலபம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம் என்பதில் நோட்டிபிகேஷன்ஸ் பகுதிக்குப் போங்கள். எந்தெந்தப் புரோகிராம் உங்களைக் கூப்பிடுகிறது என்ற பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேவையில்லாததை ஆஃப் செய்யுங்கள்.

சத்தமே வராவிட்டால்?

இதுவரை அதிகச் சத்தத்தைப் பற்றிப் பேசினோம். ஆனால் அமைதியாக இருக்கிறது என்றால் எல்லாம் நலம் என்று அர்த்தமா? அலாரம் அடிக்கும் சாப்ட்வேரே நின்று போயிருந்தால்?

புரோகிராமர்கள் தங்கள் கோடுகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற தளத்தில் 2017 ஜனவரி 31 அன்று, இரவு நேரத்தில் ஒரு பிரச்சினையைச் சரிசெய்து கொண்டிருந்த ஊழியர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்து விட்டார். பேக்கப் இருக்கிறதே என்று தேடினார்கள். தினசரி பேக்கப் ஓடவே இல்லை. பேக்கப் சாப்ட்வேரின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாமல், ஒவ்வொரு முறையும் தோற்றுப் போயிருந்தது. தோற்றால் இமெயில் வரும்படி வைத்திருந்தார்கள். அந்த இமெயில்களில் சரிபார்ப்புக் கையொப்பம் இல்லாததால், வாங்க வேண்டிய இமெயில் சர்வர் அவற்றை நிராகரித்து விட்டது. யாருக்கும் தெரியவில்லை. அதிர்ஷ்டவசமாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு காரணத்துக்காக எடுத்த ஒரு நகல் இருந்தது. அதை வைத்து மீட்டார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். நடந்ததையெல்லாம் அவர்களே மறைக்காமல் வெளியிட்டார்கள்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது: பேக்கப் போன்ற காரியத்துக்கு "தோற்றால் சொல்" என்று வைத்தால் போதாது. "ஜெயித்ததாகத் தகவல் வரவில்லை என்றால் சொல்" என்று வைக்க வேண்டும். வெளியூரில் படிக்கும் மகள் தினமும் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்வாள் என்றால், ஒன்பதரைக்கும் போன் வராதபோது நாமே கூப்பிட்டுப் பார்ப்போம் அல்லவா? அதுபோலத்தான்.

வீட்டில் இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. சனிக்கிழமை என்று ஒரு நாளைக் குறித்துக் கொள்ளுங்கள். பேக்கப் டிஸ்க்கைத் திறந்து, கடைசி பைலின் தேதியைப் பாருங்கள். ஏதாவது ஒரு பைலைத் திறந்தும் பாருங்கள். காலண்டரில் ஒரு டிக் அடியுங்கள். ஐந்து நிமிட வேலை.

பொய் அலாரம்

கம்ப்யூட்டருக்காக இல்லாமல், உங்கள் பணத்துக்காக அடிக்கும் அலாரங்களும் உண்டு. இன்டர்நெட்டில் ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும்போது திரை முழுவதும் சிவப்பாகி, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யவும்" என்று கத்தும். நம்பாதீர்கள். தன்னுடைய எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாப்ட் சொல்லியிருக்கிறது.

சில மோசடிக்காரர்கள் அவர்களே போன் செய்வார்கள். ஈவன்ட் வியூவரைத் திறக்கச் சொல்லி, "பாருங்கள், எத்தனை சிவப்புப் பிழைகள்!" என்று பயமுறுத்துவார்கள். ஈவன்ட் வியூவர் என்பது விண்டோஸின் பதிவேடு. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அதில் சிவப்புக் குறிகள் இருக்கும். என் கம்ப்யூட்டரிலும் இருக்கின்றன. பதிவேட்டை அலாரம் என்று நம்ப வைப்பதுதான் அவர்கள் வித்தை. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

இப்போது மாமா கடையில்

புது டிஸ்க் போட்ட கையோடு, பழைய அலாரங்கள் எல்லாவற்றையும் எடுத்து விட்டேன். இப்போது இரண்டே இரண்டுதான் இருக்கின்றன. டிஸ்க் மஞ்சளானால் ஒன்று. இரண்டு நாட்களாகப் பேக்கப் வரவில்லை என்றால் இன்னொன்று. இரண்டாவதற்கு நானே ஒரு சின்னப் புரோகிராம் எழுதி, விண்டோஸில் உள்ள டாஸ்க் ஷெட்யூலர் மூலம் தினமும் காலை பத்து மணிக்கு ஓடும்படி வைத்தேன். செய்தியைத் தமிழில், என்ன செய்ய வேண்டும் என்பதோடு எழுதினேன். எனக்கு வாரம் ஒரு இமெயில் வரும். அது வராவிட்டால் நான் மாமாவுக்குப் போன் செய்ய வேண்டும். அதையும் ஒரு நாள் பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வைத்து, அலாரம் உண்மையிலேயே அடிக்கிறதா என்று சோதித்த பிறகுதான் கிளம்பினேன். நீங்களும் அலாரம் வைத்தால் ஒருமுறை அடிக்க வைத்துப் பாருங்கள்.

பல மாதங்கள் ஒரு சத்தமும் இல்லை. வார இமெயில் மட்டும் தவறாமல் வந்தது. பிறகு ஒரு நாள் காலையில் மாமா போன் செய்தார்.

"மருமகனே, இன்னிக்கு கத்திருச்சு."

எனக்குப் பகீரென்றது. "என்ன மாமா சொல்லுது?"

"ரெண்டு நாளா பேக்கப் இல்லை, வெளியே இருக்கிற டிஸ்க்கோட வயர் செருகியிருக்கான்னு பாருங்கன்னு போட்டிருக்கு. பார்த்தேன். கடைப் பையன் செல்போன் சார்ஜ் போட அதைப் பிடுங்கிட்டு அந்த ஓட்டையில செருகியிருக்கான். நான் திரும்ப மாட்டிட்டேன். சரியாப் போச்சு. உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருவோம்னுதான்."

பழைய ஏற்பாட்டில் தினமும் இருபது முறை கத்தியதை அவர் ஒருமுறை கூடப் படிக்கவில்லை. இதை முதல் தடவையிலேயே முழுவதும் படித்து, தானே சரிசெய்து விட்டுத்தான் எனக்குப் போன் செய்திருக்கிறார்.

இன்று உங்கள் கம்ப்யூட்டரில் உட்காரும்போது, கடந்த ஒரு வாரத்தில் அது உங்களை எத்தனை முறை கூப்பிட்டது என்று எண்ணிப் பாருங்கள். அதில் எத்தனை முறை நீங்கள் எழுந்து ஏதாவது செய்தீர்கள் என்றும் எண்ணுங்கள். ஒன்றும் செய்யாமல் ஓகே அழுத்திய அலாரங்களை எல்லாம் இன்றே எடுத்து விடுங்கள். அப்படியே அந்தப் பேக்கப்பின் தேதியையும் ஒருமுறை பார்த்து விடுங்கள்.